சாணைக்கல்லின் சத்தம்

சங்கராபுரம்,
18.2.1996

அன்பு மகள் லூசிக்கு அப்பா எழுதுவது. மாதா துணையில் நானும் அம்மாவும் சுகம், கடல் நடுவே மாலத்தீவில் இருக்கும் உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் செபத்தில் சொல்லிக்கொள்கிறோம். பள்ளிக்கூடப் பட்டறையில் அப்பா பார்க்கும் வேலையே மகளுக்கும் அமைந்தது என்று அம்மா எல்லாரிடமும் பெருமை பேசுவாள், இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், பயப்படாமல் படி. செய்முறைத் தேர்வுக்காகப் புதுச் சாணைக்கற்கள் இரண்டு ஒரே பெட்டியில் வந்தன. ஒன்று எங்களுக்கு, இன்னொன்றை மலைமேல் பள்ளியில் பட்டறை உதவியாளராக இருக்கும் தெய்வசிகாமணி பஸ்ஸில் கொண்டுபோனான். எங்கள் கல்லை மோட்டாரில் மாட்டுமுன் நடு ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டுத் தட்டினேன். கணீரென்று கேட்க வேண்டியது ஓட்டைப் பானை மாதிரி கேட்டது, கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியவில்லை. என் காதுதான் மந்தமோ என்று பாடம் எடுக்கும் காசிநாதன் சாரிடம் கொடுத்தேன். அவரும் தட்டிவிட்டு, எனக்கும் ஒரு மாதிரியாத்தாண்ணே கேக்குது, புள்ளைங்கள அனுப்பிட்டு வெறுமனே ஓடவுட்டுப் பாப்போம் என்றார். கல்லை மாட்டி, கதவைச் சாத்தி, வெளியே இருந்து மெயின் சுவிட்சைப் போட்டோம். வேகம் பிடித்ததும் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். ஒரு துண்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது, இன்னொன்று நான் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் சுவரில் பதிந்திருந்தது.

மலைக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை, அடுத்த பஸ்ஸிலேயே ஏறினேன், ஒவ்வொரு வளைவிலும் உயிர் போய் வந்தது. பட்டறை வாசலிலேயே சாணை ஓடும் இரைச்சல் கேட்டது. தெய்வசிகாமணி கல்லுக்கு நேரே முகத்தை வைத்து உளி தீட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டால் திடுக்கிட்டு அழுத்திவிடுவான் என்று பேசாமல் போய் சுவிட்சை அணைத்தேன். இன்னாண்ணே, நல்லாத்தானே ஓடிக்கினு இருக்குது என்று சிரித்தான். கழற்றித் தட்டச் சொன்னேன். அதே சத்தம். சிரிப்பு நின்றது, முகத்தைத் தடவிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அனுப்பிய கடையில் கேட்டால், அந்தச் சரக்கு எங்கெங்க போச்சோ தெரியாதுங்க, கப்பல்லகூட ஏத்தினோம் என்கிறார்கள். அன்றே உனக்குத் தந்தி அடித்தேன், இன்றுவரை பதில் இல்லை. இதைப் பிரித்ததும் உன் பட்டறைக் கல்லைக் கழற்றித் தட்டிப் பார், அதுவரை யாரையும் அதன் நேரே நிற்கவிடாதே, நீயும் நிற்காதே. அம்மா உன் நெற்றியில் சிலுவை போடச் சொன்னாள், இங்கிருந்தே போடுகிறேன். ஒரு வரியாவது உடனே எழுதம்மா.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அப்பா,
ம. சிங்கராயர்