ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஓரகத்தி

ஜனவரி 20, 2025, திங்கள்

பொங்கல் முடிந்தும் ஜாக்கெட் துணி வருவது நிற்கவில்லை. தையல் மெஷின் பெல்ட் அறுந்து கிடக்கிறது. வாங்கி வரச் சொன்னால் இன்னாசிக்குத் திராட்சைப் பந்தலை விட்டு வர மனசில்லை. கட்டினவளைவிடக் கொடி முக்கியம்.

மதியம் ரோசம்மாள் அக்காவைத் தேடி ரஃபியா என்றொரு பெண் வந்தாள். உத்தமபாளையத்துக்காரி, மதுரையில் ஆராய்ச்சி செய்கிறாள். அக்காவுக்குக் கருப்பை வாயில் புற்று வந்து, கதிர்வீச்சுக் கரண்டு வைத்துக் குணமாகி மூன்று வருஷம் ஆகிறது. ஆராய்ச்சிக்கு அவள் ரத்தம் வேண்டுமாம். அக்கா கையை நீட்டினாள். எடுத்து முடித்ததும் அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"உங்க ரத்தமும் வேணும்க்கா."

"எனக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. அதான் வேணும்."

நோய் வந்தவளையும் வராத ஒருத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். வயது ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், ஊரும் ஒன்றாக இருக்க வேண்டும், ரத்த உறவு மட்டும் கூடாது. அதற்கு ஓரகத்தியை விட்டால் யார்? அவள் அண்ணன் பெண்டாட்டி, நான் தம்பி பெண்டாட்டி. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் குடும்பம் எங்கள் இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டது.

ஒரே நிபந்தனை. எனக்கு அங்கே ஒன்றும் இல்லை என்று முதலில் தேனியில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அது எந்த மாதிரிப் பரிசோதனை என்று எனக்குத் தெரியும். பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

ரஃபியா மறுபடி வந்தாள், என்னைத் தேனிக்கு இழுத்துப் போக. நான் அவளைப் பேச்சில் இழுத்தேன். ரத்தத்தில் அப்படி என்னதான் தேடுகிறார்கள்?

உடம்புக்குள் மரபணு அடிக்கடி பழுதாகுமாம். அதைச் சரிசெய்வதற்கென்றே வேறு சில மரபணுக்கள் உண்டாம். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வருவது. ஆளுக்கு ஆள் அதில் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: உள்ளே ஒரு டெய்லர் உட்கார்ந்து கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கிறார். சிலருக்கு நெருக்கத் தையல், சிலருக்கு எட்டத் தையல். சொன்னதும் ரஃபியா சிரித்துவிட்டாள்.

"இதையே எல்லாருக்கும் சொல்லிக்கிறேன்க்கா. ஆனா கிழிக்க ஆரம்பிக்கிறது பெரும்பாலும் ஒரு வைரஸ். வந்தாலும் முக்கால்வாசிப் பேருக்குத் தானாப் போயிரும். தையல் லேசா இருக்கவுகளுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதான்னுதான் பார்க்குறோம். இன்னும் உறுதியாத் தெரியல."

அவள் போனதும் அக்கா கேட்டாள், "உன் டெய்லரு நல்லாத் தைக்கிறாருன்னு பெருமையாக்கும்?" பெருமைதான். எங்கள் அப்பா வீட்டில் எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆண்டிபட்டியிலிருந்து அக்கா மகள் ஷெரினைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சகாய பிரவீனுக்கு மின்வாரியத்தில் வேலை. கேசரியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான். ஷெரினுக்கும் பிடித்துவிட்டது. பிடிக்காத மாதிரி உட்கார்ந்திருந்ததிலேயே தெரிந்தது.

பிப்ரவரி 15, சனி

மாப்பிள்ளையின் அம்மா ஞானசெல்வி போன் செய்தாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பொண்ணு தங்கம் மதினி. ஆனா உங்களுக்கு வந்த நோயி பொண்ணு ரத்தத்துலயும் இருக்கும்னு எங்க வீட்ல பேசுறாக. உங்க வீட்டுக்கு வந்துபோற ஆராய்ச்சிக்காரகட்ட அது ரத்தத்தையும் குடுத்து ஒரு ரிப்போர்ட் வாங்கிட்டா நல்லது."

"சரிங்க மதினி" என்று வைத்துவிட்டு அடுப்படிக்குள் போன அக்கா வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ரிப்போர்ட்டாம்ல. மாடு பிடிக்கிறாளா, மருமக எடுக்குறாளா?

பிப்ரவரி 16, ஞாயிறு

ரஃபியா முடியாது என்றாள். அவர்களிடம் இருப்பது பெயர் இல்லை, நம்பர்தான். யாருக்கும் தனியாகச் சொல்வதில்லை. சொன்னாலும் பிரயோசனம் இல்லையாம். அந்த மாற்றம் இருக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நோய் வராது, இல்லாதவர்களுக்கும் வந்துவிடும். "ஷெரினுக்குத் தடுப்பூசி போடுங்க. முப்பது வயசுல இருந்து பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்க. அம்புட்டுத்தான்க்கா" என்றாள்.

ஞானசெல்வியிடம் சொன்னோம். யோசித்துச் சொல்கிறோம் என்றாள். கல்யாணப் பேச்சில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். ஷெரின் ராத்திரி சாப்பிடவில்லை.

பிப்ரவரி 26, புதன்

ஒருவழியாகத் தேனிக்குப் போனேன். இந்த வீட்டில் ஒருத்தி ரத்தமாவது சுத்தம் என்று தெரியட்டுமே. அக்கா துணைக்கு வந்தாள். ஜன்னல் சீட்டு வழக்கம்போல அவளுக்கு. பஸ்ஸில் ஓரத்தில் உட்காராவிட்டால் குமட்டுமாம். சின்னமனூர் வரை வாயைத் திறந்து தூங்குகிறவளுக்கு என்ன குமட்டல்?

பரிசோதனை நான் பயந்த அளவுக்கு இல்லை. கூச்சம்தான். ரஃபியா ரத்தமும் எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 6, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

எனக்கா?

மார்ச் 20, வியாழன்

எனக்குத்தான்.

புற்று இல்லை. அதற்கு முந்தின மாற்றம். அப்படியே விட்டால் சில வருஷத்தில் புற்றாகலாம், இப்போதே எடுத்துவிட்டால் பயமில்லை, பிறகு ஒழுங்காக வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டரம்மா. தலையாட்டிவிட்டு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பயமாத்தான் இருக்கு யேசுவே. எங்க அப்பா வீட்ல ஒருத்தருக்கும் இல்லையே — எங்கிட்டிருந்து வந்துச்சு?

ரஃபியா போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஒப்பிடுவதற்கான ஆட்களிலிருந்து என்னை எடுத்துவிட்டார்களாம். அக்காவுக்கு இனி வேறு ஜோடி பார்க்க வேண்டும். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன பெருமை பேசினேன்.

இன்னாசி சொன்னது: "வெளிய மூச்சு விடாத. ஒரே வீட்ல ரெண்டு பேருன்னு தெரிஞ்சா ஷெரின் கல்யாணம் அம்புட்டுத்தான்." நியாயம்தான். சொல்ல மாட்டேன்.

மார்ச் 27, வியாழன்

மரத்துப்போக ஊசி போட்டு, சின்னக் கம்பி வளையத்தால் அந்த இடத்தை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே வீடு.

திரும்பும்போது அக்கா என்னை ஜன்னல் பக்கம் தள்ளினாள்.

"உனக்குக் குமட்டுமேக்கா?"

"எனக்கு என்னைக்குடி குமட்டுச்சு? காத்து நல்லா வரும்னு உக்காருவேன்."

இருபத்து மூன்று வருஷம் ஏமாற்றியிருக்கிறாள். வீரபாண்டி தாண்டும்வரை என் கையைப் பிடித்திருந்ததால் சண்டை போடவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஞானசெல்வி நேரில் வந்தாள், தனியாக. வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்பது காப்பியைத் தொடாததிலேயே தெரிந்தது. "வருத்தப்படாதீக. என்ன இருந்தாலும் அம்மா வழி ரத்தம்னு..." என்று இழுத்தாள். அக்கா குனிந்தபடி சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குனிந்த தலையை என்னால் பார்க்க முடியவில்லை.

"மதினி, எனக்கும் இவுகளுக்கும் சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது. நான் பொறந்தது மயிலாடும்பாறைப் பக்கம். எனக்கும் அதே எடத்துலதான் ஆரம்பிச்சிருந்துச்சு. போன மாசம் எடுத்தாக. இப்ப எந்த ரத்தத்தைக் குத்தம் சொல்வீக?"

இன்னாசி எழுந்து வெளியே போய்விட்டார். ஷெரின் என்னையே பார்த்தாள். பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். எழுந்து அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் வேண்டும் என்று ஞானசெல்வி என் பின்னாலேயே வந்தாள்.

"அந்தப் பரிசோதனை வலிக்குமா மதினி?"

"யாருக்கு?"

"எனக்கு மாசாமாசம் வர்றது நின்னு ரெண்டு வருசமாச்சு. இப்ப நடுநடுவுல ரத்தம் படுது. யார்ட்டயும் சொல்லல."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன். மூன்று பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து காப்பி குடித்தோம்.

ஏப்ரல் 7, திங்கள்

தேனிக்குப் போய்வந்தோம். ஜன்னல் சீட்டு ஞானசெல்விக்கு.

ஏப்ரல் 16, புதன்

ஞானசெல்வி போன். "ரிப்போர்ட் வந்துருச்சு மதினி. சின்னச் சதை வளர்ச்சிதானாம், புத்து இல்லையாம்." குரலே மாறியிருந்தது.

"பொண்ணு ரிப்போர்ட் வேணாமா?"

"குத்திக் காட்டாதீக. ஈஸ்டர் முடியவும் கோயில்ல கல்யாண ஓலை குடுத்துருவோம்."

பக்கத்தில் நின்ற ஷெரின் என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஓடினாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

முதல் ஓலை படித்தார்கள். சகாய பிரவீனுக்கும் ஷெரினுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கவும். கோயிலில் ஒருவரும் அசையவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் பெண்கள் பக்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அக்கா வயதுக்கு யார் யார் ஒத்து வருவார்கள்? ரஃபியாவுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லையே. பூசை முடிந்ததும் வாசலில் மறித்து நாலு பேரைச் சம்மதிக்க வைத்தேன். ஆராய்ச்சிக்கு ஒருத்திதான் வேண்டும். ஆனால் பரிசோதனைக்கு நாலு பேரும் வரட்டும்.

வெள்ளிக்கிழமை தேனி பஸ். ஜன்னல் சீட்டு யாருக்கு என்று இப்போதே சண்டை. எல்லோருக்கும் குமட்டுமாம்.