விருந்தாளி குடித்த காப்பி

மயாமி, செவ்வாய் மாலை

என் விமானிக்கு,

நேற்று வாஷிங்டனிலிருந்து ஓர் அதிகாரி நம் வீட்டுக்கு வந்தார். கியூபாவிலிருந்து தப்பிக் கடலில் தெப்பத்தில் தவிப்பவர்களைத் தேடிப் பறந்த உங்கள் விமானத்தைக் கியூபா சுட்டு வீழ்த்தியதை அமெரிக்க அரசு வன்மையாகக் கண்டிக்கிறதாம். மூன்று வாரம் யோசித்து இதைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

"எங்க வீட்டுப் பூனையை நான் தினமும் கண்டிக்கிறேன் சார். அது மீனைத் திருடாம விட்டுச்சா?" என்று உங்கள் அண்ணன் எல்பிடியோ கத்தினார்.

"கொஞ்சம் பொறுமையா இருங்க" என்றார் அதிகாரி.

"கியூபாவை விட்டு ஓடி வந்து முப்பது வருஷமா வேற என்ன செய்யறோம்?"

நம் வழக்கப்படி எல்லோருக்கும் சேர்த்து ஒரே குவளையில் காப்பி வைத்து, பகிர்ந்து ஊற்றச் சின்னக் கோப்பைகளை அடுக்கியிருந்தேன். அதிகாரி குவளையையே தூக்கி மொத்தத்தையும் குடித்துவிட்டார். இந்த விஷயத்தில் அந்த அரசு துணிந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

பழக்கத்தில் உங்கள் கோப்பையையும் எடுத்து வைத்திருந்தேன். அதைக் கழுவும் வேலை இல்லாமல் போயிற்று.

உங்கள் மனைவி