அப்பாவின் எச்சில்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? அத்தானைக் கேட்டதாகச் சொல். வாண்டுக்கு விழுந்த முன்பல் மறுபடி முளைத்துவிட்டதா? போனில் பேசினால் நீ பத்து தடவை "என்ன, என்ன" என்கிறாய். அதனால் எழுதியே விடுகிறேன்.

நீ அனுப்பிய அப்பாவின் எச்சிலைப் பரிசோதித்து முடிவு வந்துவிட்டது. பார்த்ததும் லேபிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மூளையில் ஒரு நொதி இருக்கிறது அக்கா. நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளச் சில ரசாயனங்களைக் கொட்டும். பேசி முடித்ததும் அதையெல்லாம் கூட்டிப் பெருக்குவது இந்த நொதியின் வேலை. அதை உண்டாக்கும் ஜீன் சிலருக்கு மந்தமாக இருக்கும். குப்பை தேங்கிவிடும். சின்ன விஷயத்துக்கும் கை ஓங்கிவிடும். பத்திரிகைக்காரர்கள் இதற்குப் 'போர்வீரன் ஜீன்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அந்த மந்தமான வகைதான்.

யோசித்துப் பார். இத்தனை வருஷம் அப்பா நம்மை அடித்தார் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் அடிக்கவில்லை. அவருக்குள் இருந்த ஒன்று அடித்தது.

இரண்டு வாரத்துக்கென்று உன் வீட்டுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடாதே. முன்னறையை அவருக்கே விட்டுவிடு. நானே வைத்துக்கொள்வேன், ஆனால் மூன்றாவது மாடி, லிஃப்ட்டும் கிடையாது. அடுத்த மாதக் கருத்தரங்கில் நம் குடும்பத்தைப் பற்றித்தான், பேர் சொல்லாமல், பேசப்போகிறேன்.

உன் அன்புத் தங்கை,
குட்டி


பிப்ரவரி 14

அன்புள்ள குட்டிக்கு,

எல்லோரும் சௌக்கியம். வாண்டுக்குப் பல் முளைத்துவிட்டது.

நீ அழுததாக எழுதியிருக்கிறாய். யாருக்காக அழுதாய் என்று எழுதவில்லை. 'நம்மை அடித்தார்' என்று வாய் கூசாமல் எழுதியிருக்கிறாயே, உன் மேல் ஒரு விரல் பட்டதுண்டா?

கருவூலத்தில் அப்பா காசாளராக இருந்தபோது, கம்பி வலைக்கு வெளியே நின்று ஜனங்கள் கண்டபடி ஏசுவார்கள். மேலதிகாரி ஒருமுறை ஃபைலை முகத்திலேயே விட்டெறிந்தார். இவர் குனிந்து பொறுக்கிக்கொண்டு "சரிங்க சார்" என்றார். ஆபீஸில் இவருக்கு 'ஐஸ்' என்று பட்டப்பேர். ஓய்வு பெற்ற அன்று பொறுமையின் சிகரம் என்று மேடையில் பேசினார்கள், நீயும்தான் கைதட்டினாய். அந்த ஜீனைக் காலையில் ஆபீஸ் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி மாட்டிக்கொண்டு வருவாரா? ஆள் பார்த்து, இடம் பார்த்து, கதவைத் தாழ் போட்டுவிட்டு வருவதற்குப் பேர் வியாதியாடி?

போர்வீரனாம். எந்தப் போர்? எதிரே நின்றவள் பன்னிரண்டு வயசுப் பெண். அவள் கையில் இருந்தது ஜியாமெட்ரி பாக்ஸ்.

அன்றைக்கு அவர் அறைந்ததில் போன என் இடது காது இன்றைக்கும் கேட்காது. மருந்துக்கடையில் பில் போடும்போது அந்தப் பக்கம் நின்று யாராவது கேட்டால் எனக்கு விழாது. "இந்தம்மாவுக்கு எவ்வளவு திமிர் பாரு" என்கிறார்கள். அது என் சுபாவமாம். போனில் நான் ஏன் "என்ன, என்ன" என்கிறேன் என்று நீயாவது யோசித்திருக்கலாம்.

போன வாரம் டிவி சத்தத்தைக் குறைக்கவில்லை என்று வாண்டுவின் மேல் குடையை வீசினார். நல்ல வேளை, கதவில் பட்டது. இப்போதெல்லாம் அவள் "தாத்தா முழிச்சிருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறாள். முன்னறையை விடு என்கிறாய் நீ.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த முடிவு அவ்வளவு நிச்சயமா? அந்த எச்சிலுக்குச் சொந்தக்காரர் கைநீட்டுகிறவர்தான் என்று உன்னால் அடித்துச் சொல்ல முடியுமா?

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

அடித்தே சொல்கிறேன். இரண்டு தடவை சரிபார்த்தாயிற்று. ஜீன் மட்டும் இருந்தால் போதாது, சின்ன வயசில் அடி வாங்கியும் வளர்ந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அப்பாவை அவருடைய அப்பா பெல்ட்டால் விளாசியது உனக்கும் தெரியும். இரண்டும் சேர்ந்த ஒரு மனுஷர் வேறு எப்படித்தான் இருக்க முடியும்?

காது விஷயம் வருத்தம்தான். ஆனால் எதையும் மறக்காமல் மனசில் வைத்துக்கொண்டே இருக்கிறாய். அது உன் உடம்புக்கு நல்லதில்லை. இந்த ஜீனைத் தகப்பன் தன் எல்லாப் பெண்களுக்கும் தவறாமல் கொடுப்பான், தெரியுமா? உனக்கு வந்தது நன்றாகவே வேலை செய்கிறது போல! கோபித்துக்கொள்ளாதே, சும்மா சொன்னேன்.

அன்புடன்,
குட்டி


பிப்ரவரி 28

குட்டிக்கு,

அது உன் அத்தானுடைய எச்சில்.

'சுகர் டெஸ்ட் என்று சொல்லி வாங்கு' என்றாயே, அப்படியே சொல்லித்தான் அப்பாவிடம் எச்சில் குழாயை நீட்டினேன். தட்டிவிட்டார். சுவரில் மோதி நொறுங்கிப் போனது. நீ கூடவே அனுப்பிய இன்னொன்று மிச்சம் இருந்தது. ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்த உன் அத்தானிடம் "இதுல துப்புங்க" என்றேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் துப்பிவிட்டு, "பசிக்குது, தட்டை வை" என்றார். டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்று நீ எழுதுவாய், அப்போது உண்மையைச் சொல்லி உன்னைக் கேலி செய்யலாம் என்றுதான் இருந்தேன்.

அடி வாங்கி வளர்ந்திருக்க வேண்டும் என்கிறாய். உன் அத்தானுடைய அம்மாவின் இரண்டாவது புருஷன் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திய தழும்பு அவர் முதுகில் இருக்கிறது. நீ சொல்கிற இரண்டும் சேர்ந்த மனுஷர் என் பக்கத்தில்தான் படுத்துத் தூங்குகிறார்.

அவருக்குக் கோபம் வராது என்று நினைக்காதே. முகம் சிவந்துவிடும். எழுந்து மொட்டை மாடிக்குப் போய் நடப்பார். இறங்கி வந்து "இப்ப பேசலாமா?" என்பார். அவருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தான் அப்படி ஆகக்கூடாது என்று அவரே முடிவு செய்துகொண்டது. உன் கடிதம் வந்த பிறகு எனக்கு அவர் மேல் மரியாதை கூடிவிட்டது. அப்பா மேல் ஆத்திரமும்தான்.

எல்லாப் பெண்களுக்கும் தவறாமல் போகும் என்றால் வாண்டுக்கும் அது இருக்கிறது. உன் கருத்தரங்கில் அவளைப் பற்றி என்ன சொல்லப்போகிறாய்?

அப்பா செய்தது தப்பு என்று ஒரே ஒரு வரி எனக்கு எழுது. அதற்கு லேப் தேவையில்லை.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

நீ செய்த காரியம் எவ்வளவு பெரிய தப்பு என்று உனக்குப் புரியவில்லை. ஒருவருடைய மாதிரியை இன்னொருவர் பேரில் அனுப்பலாமா? என் வேலையே போயிருக்கும். கருத்தரங்குக்கு நாளும் அதிகமில்லை.

இத்துடன் புதுக் குழாய் வைத்திருக்கிறேன். தயவுசெய்து இந்தத் தடவை அப்பாவுடையதையே அனுப்பு. முரண்டு பிடித்தால், தூங்கும்போது கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்தால் போதும்.

மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

குட்டி


மார்ச் 11

குட்டிக்கு,

குழாய் வந்து சேர்ந்தது. நான் கேட்ட ஒரு வரிதான் வரவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலில் அப்பா அங்கே வருகிறார். நீ கூப்பிட்டதாகச் சொன்னேன். "சின்னவளா கூப்பிட்டா?" என்று முகம் மலர்ந்து, அவரே பெட்டியை எடுத்து வைத்துவிட்டார். லிஃப்ட் இல்லாவிட்டால் பரவாயில்லை, படியேறும் தெம்பு அவருக்கு இருக்கிறது. முன்னறையில் வாண்டுவின் மேஜையைப் போட்டாகிவிட்டது. அது அவளுடைய அறை.

நீ அனுப்பிய குழாயைப் பெட்டியில் துணிகளுக்கு மேலேயே வைத்திருக்கிறேன். நீயே எடுத்துக்கொள். எடுக்கும்போது அவருக்கு நேர் எதிரே, கையெட்டும் தூரத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும். அப்போது உனக்கு அந்த நொதியின் ஞாபகம் வருகிறதா, இல்லை கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கண் தேடுகிறதா, பார்.

அதை மட்டும் எனக்கு எழுது.

அக்கா