பேய் பேசிய பேச்சு

தங்கச்சிக்கு,

பிள்ளைகளுக்குச் சளி விட்டதா?

நேற்று தணிக்கைக் குழுவில் ஒரு பேய்ப்படம் பார்த்தோம். பெரிய வீடொன்றில் வேலைக்காரியாக இருந்து செத்தவள்தான் பேய். அவள் பேசுவது நம் வீட்டுப் பேச்சு. அம்மா நம்மைத் திட்டும்போது வருமே, அதே இழுவை. என் பக்கத்து நாற்காலிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. "படத்துல வேற யாருமே பேசாத எங்க பேச்சை ஏன் சார் பேய்க்கு மட்டும் குடுத்திருக்காங்க?" என்று கேட்டேன். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் அப்படிப் பேசும் 'அந்த ஆளுங்க'ளில் ஒருத்தி என்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

தலைவர் நல்ல மனிதர். "மேடம் மனசு புண்படக் கூடாது" என்றார். எங்களால் செய்ய முடிந்தது, காட்சியை வெட்டுவது அல்லது ஒலியை எடுப்பது. பேய் பேசும் இடமெல்லாம் ஒலியை எடுக்கச் சொல்லிவிட்டார். தன்னைக் கொன்றது யாரென்று அவள் சொல்லும் வசனமும் அதோடு போயிற்று.

இயக்குநருக்கு வாயெல்லாம் பல். "சத்தமில்லாம வாயசைச்சா இன்னும் பயமா இருக்கும் மேடம், தேங்க்ஸ்!"

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

"பிள்ளைங்க முன்னாடி நம்ம பேச்சு பேசாதக்கா, ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்க" என்று போனில் சொன்னாயே. இனி உன்னோடு அதற்காகச் சண்டைக்கு வர மாட்டேன். அம்மா போன பிறகு நம் பேச்சை வாய் நிறையப் பேசியது அந்தப் பேய் ஒன்றுதான். அதன் வாயையும் நானே அடைத்துவிட்டேன்.

உன் அக்கா