இருநூறு கிராம் அடுப்பு

என் பிரியமுள்ள மாப்ளே வேல்முருகா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. என் தங்கை கோமதிக்கு உன்மேல் இன்னும் கோபம் தீரவில்லை. உன் படத்தைக்கூட அவள் கூடத்தில் மாட்டவில்லை. துபாயிலிருந்து துக்கம் கேட்க வந்த உன் கூட்டாளியிடம் நேற்றும் சொன்னாள்: "அவியளுக்கு எப்பவும் மறதி. கேஸ் அடுப்ப லாட்ஜ்லயே விட்டுட்டுப் போயி, உசுரயும் விட்டுட்டாவ."

நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மலைப்பயணத்துக்காக நான் இரண்டு மாதம் விறகடுப்பு தேடியது உனக்குத் தெரியும். இரட்டைச் சுவர் வைத்த டப்பா அடுப்பு நன்றாக எரியும், ஆனால் பையை அடைக்கும். எவர்சில்வர் அடுப்பு கனம். கடைசியில் டைட்டானியத் தகடுகளைக் கோத்து நிறுத்தும் அடுப்பை வாங்கினேன். பிரித்தால் நோட்டுப் புத்தகம் அளவு, இருநூறு கிராம். வழியில் கிடக்கும் சுள்ளியே போதும்.

நீ ஒப்பவில்லை. "மழை பெஞ்சா ஈர வெறகு பத்தாது மச்சான். சின்ன கேஸ் அடுப்பு ஒண்ணு நான் எடுத்துக்கிடுதேன்."

"கல்யாணச் சமையலுக்கா வே போறோம்?" என்று கோமதி முன்னாலேயே கேலி செய்தேன். சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தாய்.

மணாலியில் கிளம்பிய காலை, நீ குளிக்கப் போன நேரத்தில் அதை உன் பையிலிருந்து உருவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஏன்? என் அடுப்பு ஜெயிக்க வேண்டும். வேறு காரணம் இருந்தால் இந்த எட்டு மாதத்தில் கண்டுபிடித்திருக்க மாட்டேனா?

இரண்டாம் நாள் ஓயாத மழை. ஓடையைக் கடக்கும்போது வழுக்கிக் கழுத்துவரை நனைந்தாய். கூடாரத்துக்குள் உன் பல் கிட்டித்தது. நான் சுள்ளியைச் சீவிச் சீவிப் பற்றவைத்தேன். கையிலிருந்த காகிதமெல்லாம் எரிந்தது, சுள்ளி எரியவில்லை. நீ நடுங்கும் கையால் பையைக் கவிழ்த்துத் தேடினாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"லாட்ஜ்லயே மறந்துட்டேம் போல மச்சான். என்னால ஒனக்கும் கஷ்டம். மன்னிச்சிரு."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "சரி விடுல" என்றேன். மன்னித்துவிட்டேன், உன்னை!

கொஞ்ச நேரத்தில் உன் நடுக்கம் நின்றது. தேறிவிட்டாய் என்று நினைத்தேன். பேச்சுக் குழறியது. ஆடு மேய்ப்பவர்களைத் தேடி அழைத்துவருவதற்குள், பொழுது சாயுமுன்னே எல்லாம் முடிந்துவிட்டது. கீழே டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "சூடாக ஏதாவது குடித்தாரா?"

நீ சொன்ன அந்த வார்த்தையைத்தான் கோமதியிடம் சொன்னேன், மறந்துவிட்டாய் என்று. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் கடிதத்தை நாளை முதலில் அவள் கையில் கொடுப்பேன். வாசித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பேன். அதன்பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கலாமா என்று அவள் சொல்லட்டும். நீ எதையும் மறக்கவில்லை மாப்ளே. அதை இந்த ஊரில் ஒவ்வொருவரிடமும் என் வாயால் சொல்லுவேன்.

நாளை வரைக்குமாவது கோமதியின் அண்ணன்,
உன் மச்சான்,
சண்முகம்
சங்கரன்கோவில்