படத்தில் உன் அண்ணன் வீடு திரும்புகிறான்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை.

எங்கள் பஸ் ஸ்ட்ரைக்கைப் படமாக எடுத்திருக்கிறார்களே, அதைப் போய்ப் பார்த்தோம். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், அம்மா கேட்கவில்லை. குறை சொல்லக்கூடாது, டிப்போ வாசல், கிரீஸ் படிந்த ஒர்க்‌ஷாப் தரை, மந்திரி டிவியில் சிரித்துக்கொண்டே பொய் சொல்வது எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் கதாநாயகன் ஒரே ஆளாகப் போலீஸ் படையையே புரட்டி எடுக்கிறான், தியேட்டரில் ஒரே விசில். அன்றைக்கு எங்களில் ஒருத்தனும் கை ஓங்கவில்லை, ஓடத்தான் செய்தோம். உன் அண்ணன் மாதிரியும் ஒருத்தன் வருகிறான், ஒல்லியாக, கண்டக்டர் பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு. அவனை வேனில் ஏற்றும்போது அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதோடு முடித்திருக்கலாம் பாவிகள். கடைசியில் ஆட்சி மாறுகிறது, சிறைக்கதவு திறக்கிறது, அவன் தாடியோடு வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்கிறான். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்கள், அம்மா எழுந்திருக்கவேயில்லை. "விசாரிக்காமலா எடுப்பாங்க? அவங்களுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு" என்கிறாள்.

ஆட்சி மாறியது உண்மைதான், எந்தக் கதவும் திறக்கவில்லை, வேனில் ஏற்றிப் போனவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை என்பது உனக்குத் தெரியும். போன வருஷம்தான் அம்மா அவன் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிற அளவுக்கு வந்திருந்தாள், இப்போது மறுபடி முதலிலிருந்து. டைரக்டரிடம் கேட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவர்களுக்கு நடந்ததைச் சொன்ன நம் டிரைவர் மாமாவிடம் நம்பர் வாங்கிப் போன் போட்டுக் கொடுத்தேன். அந்த டைரக்டர் பிள்ளை மரியாதையாகத்தான் பேசியது. "ஜனங்க மனசு ஒடஞ்சு வெளிய போகக்கூடாதுன்னு அப்படி வெச்சோம்மா" என்றது. போனை வைத்துவிட்டு, "சொல்ல பயப்படுறான், மேலிடத்துல தடுத்திருப்பாங்க" என்றாள். சொல்லிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். "அவன் வரவேணாம்னு நெனைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

நேற்று காலிங் பெல் அடிக்கவில்லை, எலக்ட்ரீஷியனைக் கூட்டி வாருங்கள் என்றாள், கூட்டிவந்தேன். சரிசெய்துவிட்டு அவன் ஒருதரம் அமுக்கிப் பார்த்தான். அடுப்படியிலிருந்து அவள் ஓடிவந்த வேகத்தை நீ பார்க்காததே நல்லது.

போனில் படம் பார்த்தாயா என்று கேட்பாள், பார்க்கவில்லை என்று சொல்லிவிடு, மறந்துவிடாதே. குளிரில் குழந்தையின் காதை மூடிக் கூட்டிப் போ. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் வாழவேண்டும்.

உன் அப்பா