காரில்லாத வீடு

ஜூலை 9, புதன்

காலைப் பேருந்தில் நடத்துநர் ஜீவமணி அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாப்பா, இனி இந்த வண்டி உங்க ஊருக்குள்ள வராது போலுக்கு. மெயின் ரோட்டு விலக்கோட திருப்பச் சொல்லுதாவ. ஏறுததுக்கு ஆள் இல்லையாம்."

ஆள் இல்லைதான். என்னோடு ஏறியது முருங்கைக்காய்ச் சாக்கோடு ஒரு பெரியம்மா. பாதி வீடுகளில் பூட்டு. எல்லோரும் சென்னையிலும் கோவையிலும் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள்.

எனக்கு இது வேலைக்குப் போகும் வண்டி மட்டுமில்லை. வீட்டில் நான் புத்தகத்தை விரித்தால் அம்மாவுக்கு ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். இந்த ஜன்னலோரத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. நான் படித்ததெல்லாம் இந்தக் குலுக்கலில் படித்ததுதான்.

தூத்துக்குடி துறைமுக அலுவலகத்தில் நாள் முழுக்க கன்டெய்னர்களுக்கு ரசீது போடுகிறேன். அவை ஐரோப்பாவில் ரோட்டர்டாம் வரை போகின்றன. பாதை பிரியும் அந்த விலக்கிலிருந்து எங்கள் ஊர் மூன்று கிலோமீட்டர்.

ஜூலை 13, ஞாயிறு

பேருந்து விஷயமாகக் கோயிலில் கூட்டம். கொடைக் கமிட்டித் தலைவர் பாண்டியராஜன் அண்ணாச்சி சென்னையிலிருந்து வந்திருந்தார். "ஆள் இல்லைன்னா சொல்லுதான்? அந்த பஸ் ஆபீசரை அம்மன் கொடையன்னைக்கு வரச் சொல்லு. நம்ம சனத்தைக் கண்ணால பாக்கட்டும்."

வருஷத்தில் அந்தத் திருவிழா நாள் ஒன்றில்தான் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். கைதட்டினார்கள். நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய் — கொடை

அதிகாரி வந்தார். சனமும் வந்திருந்தது — காரில். கோயிலிலிருந்து பள்ளிக்கூடம் வரை இரண்டு பக்கமும் கார். எங்கள் பேருந்து நுழைய வழியில்லாமல் ஊருக்கு வெளியே ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போனது. அதிகாரி அதைப் பார்த்தார்.

"இவ்வளவு வண்டியும் இந்த ஊர்க்காரங்களோடதா?"

"காரு இல்லாத வீடு நம்ம ஊர்ல கெடையாது சார்," என்றார் அண்ணாச்சி. என்ன பெருமை அந்த முகத்தில்.

பக்கத்தில்தான் நின்றேன், காரில்லாத வீட்டுக்காரி. வில்லுப்பாட்டு மைக் அலறியது. நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. சொன்னேனா? வாயைத் திறந்தேன், அவ்வளவுதான். "ஏளா, சாருக்குப் பாயசம் கொண்டா," என்றார் அண்ணாச்சி. கொண்டுபோனேன்.

ஆகஸ்ட் 13

கார்கள் கிளம்பின. அம்மா ஒவ்வொரு காரின் கதவையும் பிடித்துக்கொண்டு, "அடுத்த கொடைக்கும் வந்துருங்க, என்னா," என்றாள். மத்தியானத்துக்குள் தெருவில் எச்சில் இலைகளும் நாய்களும் நாங்களும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பதில் வந்துவிட்டது. பெரும்பாலானோரிடம் சொந்த வாகனம் இருப்பதால் ஊருக்குள் பேருந்து தேவையில்லை. செப்டம்பரிலிருந்து விலக்கோடு திரும்பும்.

அண்ணாச்சியைப் போனில் கூப்பிட்டேன். "அப்படியா எழுதிருக்கான்? சரி விடு. நீ ஒரு ஸ்கூட்டி எடுத்துக்கிட வேண்டியதுதான?" பின்னால் யாரோ துவரம்பருப்பு கேட்டார்கள். வைத்துவிட்டார்.

ஸ்கூட்டியில் எப்படிப் படிப்பது அண்ணாச்சி?

செப்டம்பர் 5, வெள்ளி

விலக்கிலிருந்து இருட்டில் நடை. அப்பா தினமும் டார்ச்சோடு எதிரே வருகிறார். முட்டுவலி, உடைமரங்களுக்கு நடுவே நின்று நின்று வருகிறார். இன்று சொன்னார்: "எனக்கு ஏலலை தாயி. ஒண்ணு வேலைய விடு. இல்லைன்னா அங்கனயே தங்கிக்கோ."

மூன்றாவதாக ஒன்று இருந்தது அப்பா. கொடையன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனதே, அது. டார்ச்சை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

செப்டம்பர் 8

நடந்துகொண்டே படிக்க முடியாது.

செப்டம்பர் 21, ஞாயிறு

தூத்துக்குடி. மகளிர் விடுதி. இங்கே யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. புத்தகப் பையை இன்னும் அவிழ்க்கவில்லை.

காலையில் அம்மா விலக்கு வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாள். ஜீவமணி அண்ணன் விசில் ஊதாமல் காத்திருந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும், அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொடைக்கு வந்துரு, என்னா."

நடுவில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. தீபாவளி இருக்கிறது.

"வாரேம்மா," என்றேன்.